ரோசாலி கொடுத்த மாத்திரை அட்டை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் எதிர்வீட்டு ரோசாலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி.

"நீ சொன்ன மூட்டுவலி மாத்திரையத்தான் மூணு நாளா அவருக்குக் குடுக்கறேன்க்கா."

போன வாரம்தான் அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேத்தி ஸ்டெல்லாவின் ஆராய்ச்சியைப் பெருமையாகச் சொன்னேன், அவ்வளவுதான். வீக்கம் உண்டாக்கும் என்சைம்தான் மூளைக்கட்டிக்கும் தீனி போடுகிறதாம், மூட்டுவலி மாத்திரை அதை அடக்குமாம் என்றேன். கொடு என்று சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதம் அப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"ஆயா, நாங்க பாக்கறது கண்ணாடித் தட்டுல வளர்க்கற செல்லுல. மனுசனுக்குக் கேக்குமான்னு யாருக்கும் தெரியாது. அவரு மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு வேற சாப்பிடறாரு. ரெண்டும் சேந்தா வயித்துல ரத்தம் கசியும். உடனே நிறுத்தச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். ரோசாலி டாக்டருக்குப் போன் செய்தாள். அவரும் நிறுத்தச் சொல்லி, நாளைக் காலையில் அழைத்து வரச் சொன்னார். உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர், "ஏம்மா நிறுத்தற, தலைவலி கொறஞ்சிருக்கே" என்றார்.

ரோசாலி திட்டியிருந்தால் தேவலை. மிச்ச மாத்திரையை அட்டையோடு என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்போ இதுவும் இல்லையாக்கா?" என்றாள்.

அஞ்சாவது படித்தவள் நான். அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மாத்திரை காலி. காலையில் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போகவேண்டும்.