எலிக்கு வேலை செய்யும் மருந்து

ஞாயிற்றுக்கிழமை, இரவு

இன்று பேத்தி தர்ஷினி பினாங்கிலிருந்து வந்தாள். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் இருதய நோய்க்கு மருந்து ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஊர்ச் சந்தையான செலம்பாவ் பாசாரில் மீன்காரர் வரை இதைப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுடைய அப்பா, என் மகன் சேகர், இருதயம் வீங்கிப் படுத்திருக்கிறான். "உன் பிள்ளை மருந்தோடு வருவாள்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன்.

சமையற்கட்டில் அவளைத் தனியாகக் கேட்டேன்.

"மருந்து எப்பம்மா வரும்?"

"நெஞ்சுத் தசையில ஒரு புரதம் கெட்டுப்போவுது பாட்டி. அதைத் தடுக்கிற மருந்து எலிக்கு நல்லா வேலை செய்யுது. மனுசனுக்கு வர இன்னும் ரொம்ப வருசம் ஆவும்."

"அப்ப உங்கப்பாவுக்கு?"

அவள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறந்து, கழுவி வைத்த தட்டையே மறுபடியும் கழுவினாள்.

நாங்கள் பேசியது சேகருக்குக் கேட்டிருக்கிறது. நான் கஞ்சியோடு போனதும் சிரித்தான்.

"அடுத்த பொறப்புல எலியா பொறந்துக்கறேன்மா. மக கையாலயே மருந்து கிடைக்கும்."

வாயை மூடு என்று ஏசினேன்.

"சும்மா சொன்னேன் லா" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தர்ஷினி அழுது அழுது இப்போதுதான் தூங்கினாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. தலைக்கு மேலே சிலிங்கில் எலி ஓடுகிறது. நல்ல தெம்போடுதான் ஓடுகிறது.

கஞ்சியைக் கொட்ட மனமில்லாமல் மூடி வைத்திருக்கிறேன். காலையில் எதைச் சொல்லி அவனுக்கு ஊட்டுவது?