இஸ்திரி போட்ட மூன்று நோட்டுகள்

என் கண்ணான பெரியவளுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம், இஸ்திரிப் பெட்டியும் நலம், அதைப் பற்றித்தான் இப்போது யாரும் நல்லபடியாகப் பேசுவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம்தானே?

உன் பிரசவத்துக்கு வந்துபோக நான் சேர்த்து வைத்தது மூன்று பெரிய நோட்டு. நம் தேய்ப்புக் கடைக்கு வரும் கசங்கிய நோட்டை இஸ்திரி போட்டு வைப்பது என் இருபது வருடப் பழக்கம், உனக்குத் தெரியும். இந்த வருடம் காகிதத்தை விட்டு பிளாஸ்டிக் நோட்டுக்கு மாறிவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், என் கைக்குத்தான் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை டிக்கெட் வாங்கக் கிளம்பும்போது மூன்றையும் வரிசையாக வைத்து ஒரே இழுப்பு. பெட்டியைத் தூக்கினால் தபால்தலை அளவில் மூன்று சுருண்டு கிடக்கின்றன. அப்பா திட்டுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். அவர் சின்ன வயதில் நோட்டு கைக்குட்டை அகலமாம், நாலாக மடித்தால்தான் பைக்குள் போகுமாம். பிறகு கள்ள நோட்டுக்குப் பயந்து நடுவில் நூல் வைத்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் முகம் வைத்தார்கள், ஒவ்வொரு தடவையும் ஓரத்தையும் குறைத்தார்கள். அம்பது வருஷமா அவங்க பாத்துப் பாத்துக் குறைச்சதை நீ ஒரே இழுப்புல முடிச்சிட்டியே என்கிறார். எனக்கோ நீ ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருப்பதுதான் கண்ணில் வந்தது.

வங்கிக்கு ஓடினோம். எண் முழுசாப் படிக்க முடிஞ்சா மாத்தித் தரேம்மா, ஆனா எனக்கு ஒண்ணும் புரியலையே என்று காசாளர் பூதக்கண்ணாடியோடு தவித்தார். பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, என்னக்கா, நோட்டு குட்டி போட்டிருக்கா என்றார், வரிசையே சிரித்தது. கடைக்கு வருபவரிடம் கூலி கேட்கக்கூட என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற உன் தங்கை, பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து யார் துணி என்று அடையாளத்துக்குச் சட்டைக் கழுத்துப்பட்டையில் எறும்பு அளவு எண் எழுதுகிறவள் அல்லவா, நோட்டை வாங்கி அத்தனை பேர் முன்னாலும் எண்ணை உரக்கப் படித்துவிட்டாள். காசாளர் கண்ணாடியில் ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடினாள், நான் விடவில்லை.

இரண்டு நோட்டு தேறியது. மூன்றாவதில் எண்ணே உருகிவிட்டதால் திருப்பிக் கொடுத்துவிட்டார், குட்டி விளையாட அதை இத்துடன் வைத்திருக்கிறேன். வருகிற பன்னிரண்டாம் தேதி நான் அங்கே இருப்பேன். உருகியது திரும்பி வரும் டிக்கெட்டுக்கான நோட்டு, எனவே அத்தை எப்போது கிளம்புவார்கள் என்று மாப்பிள்ளை கேட்க வேண்டாம், பக்குவமாகச் சொல்லி வை. கனமானதைத் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. தாயும் பிள்ளையுமாக நூறாண்டு நன்றாக இருங்கள். நான் வருவதற்குள் உன் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒளித்து வைக்க மறக்காதே.

உன்னைப் பார்க்கத் துடிக்கும்
அம்மா