நாற்காலியைத் திருப்பிப் போட்டவருக்கு

ஜப்பான் சார்,

இன்று காலை எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் வழியே கந்தக நெடி வந்தது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் தும்மித் தீர்த்திருப்பீர்கள். நீங்கள் இறந்துபோனதை, உங்கள் பேச்சை எங்களுக்குத் தமிழில் சொன்ன மதுரை அக்கா போன வாரம் போனில் சொன்னார். தீபாவளி சீசன் முடிந்ததும் வருகிறேன் என்றீர்களே, சார். அழுகையை விடக் கோபம்தான் வருகிறது.

ஏழாயிரம்பண்ணையில் எங்கள் தெருவுக்கு நீங்கள் காது சோதிக்க வந்த அன்று யாருக்குமே குறை இல்லை. காது மந்தம் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாரும் உங்கள் விரலையே பார்த்தார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் கை உயர்ந்தது.

"ஏன் மதினி, இம்புட்டு வேகமாத் தூக்குதீக? பஸ்ஸையா நிறுத்துதீக?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதும் தெருவே சிரித்தது. உங்களுக்கும் புரிந்துவிட்டது. என் முறை வந்தபோது நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டீர்கள்.

இடது காதில் எதுவுமே வரவில்லை. சின்ன வயதிலேயே போயிருக்கும் என்றீர்கள்.

"அதெல்லாம் நல்லாக் கேக்கும். அவ கூச்சக்காரி, அம்புட்டுதான்" என்றாள் அம்மா.

"கூச்சம் காதுல இருக்காதும்மா" என்று அக்கா மூலம் சொன்னீர்கள்.

பள்ளியில் டீச்சர் இடப்பக்கம் நின்று கேட்டதற்கெல்லாம் நான் விழித்தேன். ஊமைக்கோட்டான் என்றார்கள். எட்டாம் வகுப்போடு நின்றேன். அது கூச்சம் இல்லை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கரண்ட் போன நேரத்தில் உங்கள் கதையைச் சொன்னீர்கள். தறி ஆலையில் காது போன உங்கள் அம்மாவிடம் சின்னப் பையனாகக் கத்திக் கத்திப் பேசியது. டாக்டருக்குப் படித்தும் நோயாளிகளை விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்தில் கினிப்பன்றிகளின் காது நரம்போடு உட்கார்ந்தே தலை நரைத்தது. "காதுக்குள்ள புல்லு மாதிரி முடி நிக்குது. திரும்பத் திரும்ப மிதிச்சா எந்திரிக்காது" என்றீர்கள். என் வலது காதும் மங்குகிறதா என்று அடுத்த முறை பார்ப்பதாகச் சொல்லிப் போனீர்கள்.

இப்போது மங்குகிறது, சார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அம்மா, "ஊருக்கே தெரிஞ்சிரும். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வர வேணாமா?" என்கிறாள். ஆயுள் முழுக்கக் காதுக்குள்ளேயே இருந்தீர்களே, எங்கள் அம்மாவின் காதில் ஒரு வார்த்தையை ஏற்றாமல் போய்விட்டீர்களே.

நேற்றுக் குழாயடியில் ஒரு அக்கா என்னவோ கேட்டார். அம்மா வழக்கம்போல, "அவ பேச மாட்டா, கூச்சம்" என்றாள். நான், "எனக்கு இடது காது கேக்காதுக்கா. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றேன். என் குரல் இவ்வளவு பெரிது என்று அதுவரை எனக்கே தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. நாளைக் காலை விருதுநகர் பஸ்ஸில் தனியாகத்தான் போகிறேன். இடது காது கேக்காது என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருக்கிறது. டாக்டரிடமும் அதைத்தான் முதலில் சொல்வேன்.