மருமகள்மேல் பொறாமை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, என்னைப் போலவே. அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு, நேற்று தையல் கம்பெனியில் சட்டைக்கு இடப்பக்கம் போட வேண்டிய பட்டன் காஜாவை வலப்பக்கம் போட்டுச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிள்ளை பெற்றதிலிருந்து மருமகள் காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாள், வாராவாரம் டாக்டரிடம் கூட்டிப்போகிறாய். காலையில் குழந்தையைப் பார்க்கும் முன்னே அவளிடம் "நீ எப்படி இருக்கே" என்று கேட்கிறாயாம். இதெல்லாம் செல்லம், டாக்டரை நிறுத்தினால் தானா சரியாயிடும் என்று உன் அக்கா சொன்னாளாம், நிறுத்திடவாம்மா என்று என்னைக் கேட்டாய்.

நிஜத்தைச் சொல்லட்டுமா, நிறுத்து என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவ்வளவு வயிற்றெரிச்சல் எனக்கு. நீ பாட்டில் கழுவுகிறாய், துணி அலசுகிறாய், அவள் தூங்கட்டும் என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறாய். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத என் பையன்! உன்னைப் பெற்ற புதிதில் நானும் அழுதேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், தண்ணீர் வீணாகுது என்று உன் அப்பா கதவைத் தட்டுவார். வந்தவர்கள் எல்லாரும் பால் குடிச்சானா, தூங்கினானா, எடை ஏறிச்சா என்று உன்னைத்தான் விசாரித்தார்கள். கைக்குழந்தை உன்மேலேயே எனக்குப் பொறாமை, போயேன். அதை இத்தனை வருஷமும் என் திமிர் என்றே நினைத்திருந்தேன், அதற்கு டாக்டர் உண்டென்று உன் பெண்டாட்டி வந்துதான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதுவும் எரிச்சல்தான்.

எரிச்சல் என்னோடு இருக்கட்டும், நீ டாக்டரை நிறுத்தாதே. குழாய்ச் சத்தத்தில் அழும் வித்தை அவளுக்கு வேண்டாம். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மருமகள் சாப்பிடும்போது குழந்தையை நீ வாங்கிக்கொள், நாலு வாய் சூடாக இறங்கட்டும். அம்மா வரட்டுமா என்று அவளையே கேள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன், கொஞ்சம்தான் கோபித்துக்கொள்வேன்.

மருமகள் மனசு லேசாகட்டும், குட்டி நன்றாக வளரட்டும், நீ நூறு வருஷம் இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். குழந்தை சங்கதியெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொள். என்னிடம் மட்டும், அப்போ நீ எப்படிம்மா இருந்தே என்று ஒரே ஒரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா