சக்கரத்துக்குப் பின்னால் ஓர் ஆள்

மகன் குணசீலனுக்கு, அப்பா சக்கரவர்த்தி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். எடுத்த எடுப்பிலேயே வேறு மாதிரி எழுதினால் நீ பயந்துவிடுவாய் என்று உன் அம்மா சொன்னதால் இப்படி எழுதுகிறேன். மிச்சத்தைக் கீழே படி.

போனில் பேசலாமே என்று உன் மனைவி பூவிழி சொல்கிறாள். டவர் கிடைக்கும் பாறை வரை நான் ஏறுவேன். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் என்னை நிறுத்த முடியாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்த கோகுலகிருஷ்ணன் குடகுக்குத் திரும்புகிறான். நீ வேலை செய்யும் காப்பித் தோட்டத்துக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

முதலில் டிராக்டரைப் பற்றி. கார்த்திகையில் புறப்பட்ட அன்று, அதை விற்கச் சொல்லிச் சண்டை போட்டு, "இந்தப் பழைய இரும்பையே கட்டிக்கினு அழு" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதை நான் மறக்கவில்லை. பொங்கலுக்கு வருவாய் என்று உன் மனைவி பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றதையும் மறக்கவில்லை. அந்தப் பழைய இரும்புதான் நம் ஊரில் ஓடும் ஒரே வண்டி. பிரசவ வலி வந்தால், ஓடையைத் தாண்டி, நாவல்மரத்து மேட்டில் ஏறி, பூவிழியைத் தார்ச்சாலைக்கு அதில்தான் கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸ் தார்ச்சாலையோடு நின்றுவிடும்.

அந்த வண்டியில் இப்போது டீசல் கசிகிறது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பைப்பின் மூட்டில், செம்பு வாஷர் தேய்ந்துவிட்டது. நிற்கும்போது டீசல் வெளியே சொட்டுகிறது, ஓடும்போது காற்று உள்ளே போகிறது. காற்று போனால் இஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடும். சமதரையில் நின்றால் கவலை இல்லை. மேட்டில் நின்றால்?

வாஷர் கீழே சந்தவாசலில் கிடைக்கும். ஆனால் அந்தக் கடைக்காரன் போன முறை நாலு பேர் முன்னால், "பெருசு, இதுக்கு வாஷர் போடாத, மாலை போடு" என்று சிரித்தான். இனி உன் கடைப் படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அதனால் தேன் டின்னுக்கு மூடியை அடைப்போமே, அந்த மெழுகை நூலில் தேய்த்து, மூட்டைச் சுற்றி இறுக்கிவிட்டேன். மத்தியானம் முழுக்க ஓட்டினேன். ஒரு சொட்டு இல்லை. எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொல்லித் தரவில்லை, இதையும் நானேதான் செய்தேன் என்று உனக்குத் தெரிவிக்கவே பேனாவை எடுத்தேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலையில் நடந்தது வேறு.

வெறும் டிராலியை மாட்டிக்கொண்டு மேடு ஏற்றிப் பார்க்கப் புறப்பட்டேன். நர்ஸ் அருணா நடக்கச் சொன்னார் என்று பூவிழியும் பின்னால் நடந்து வந்தாள். பனி இன்னும் விலகவில்லை. பாதி மேட்டில் இஞ்சின் நின்றது. பிரேக்கை மிதித்தேன். டிராலி பின்னுக்கு இழுத்தது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பிறகு ஒரு முட்டு விழுந்து வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். பக்கத்தில் பூவிழி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"வயித்துப் புள்ளைய வச்சிக்கினு கல்லு தூக்குவியா? புத்தி கீதா உனக்கு?" என்று கத்தினேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "வேற யாரு கீறாங்க மாமா?" என்றாள். அது என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல.

ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே மஞ்சளாக, குளிரில் உறைந்த நெய் மாதிரி கிடந்தது. பூவிழி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, வண்டிக்குத் தேன் ஊத்தினீங்களா?" என்று சிரித்தாள். சூட்டில் மெழுகு இளகி டீசலோடு கரைந்து போயிருக்கிறது, காலைக் குளிரில் உறைந்து ஃபில்டரை அடைத்துவிட்டது. இது எனக்குத் தோன்றாமல் போனது. வேலை கெட்ட பிறகுதான் தெரிந்தது.

ஃபில்டரை வழித்துவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், உன் அம்மா தார்ச்சாலை வரை நடந்து, பஸ் ஏறிச் சந்தவாசல் போய், வாஷரும் புது பைப்பும் வாங்கி வந்துவிட்டாள். நான் போகச் சொல்லவில்லை. ஆனால் மாட்டினேன். ஃபில்டரைக் கழுவி, பம்பை அடித்துக் காற்றை எடுத்தேன். இப்போது கசிவு இல்லை. இல்லை என்று தெரிந்தும் போகும்போதும் வரும்போதும் மூட்டைத் தடவிப் பார்க்கிறேன். கையை முகர்ந்தும் பார்க்கிறேன். கொல்லையைச் சுற்றி ஓட்டினேன், நிற்கவில்லை. மேட்டில் மட்டும் ஏற்றவில்லை. கட்டை போட ஆள் இல்லாமல் அந்த மேட்டில் இனி ஏற்றமாட்டேன்.

இத்தனை வருடம் டிராலிக்குப் பின்னால் கட்டையோடு நடந்தவன் நீ. இஞ்சின் சத்தம் மாறும்போதே சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுவாய். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. உன் வயதுக்காரர்கள் எல்லோரும் குடகிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். இருக்கும் கிழவர்களை நம்பி உன் மனைவியை ஏற்ற எனக்கு மனமில்லை.

அருணா நேற்றும் வந்து, குழந்தையின் தலை இறங்கிவிட்டது, இனி எந்த நாளும் வலி வரலாம், கீழே ஆஸ்பத்திரியில் முன்னதாகவே வந்து தங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பூவிழி, "அவரு வரட்டும், வர்றேன்" என்கிறாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இந்த வீட்டில் பிடிவாதம் பிடிக்க நான் ஒருவன் போதாதா?

நீ சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். வண்டியை நான் விற்கப் போவதும் இல்லை. அந்தச் சண்டையைக் குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் எங்கும் போய்விடமாட்டேன்.

உன் வேங்கைக் கட்டை மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. கரையான் தட்டி, துடைத்து, டிராலியில் போட்டு வைத்திருக்கிறேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

இதைப் படித்ததும் கோகுலகிருஷ்ணனிடம் பதில் எழுதிக் கொடுக்காதே. பதில் எனக்கு வேண்டாம். பனி அதிகம், காதை மூடிக்கொண்டு பஸ் ஏறு. நல்லபடியாக வந்து சேர்.

உன் அப்பா
சக்கரவர்த்தி