நிலவறை என்பது

மார்ச் 4

புதிய கட்டட விதிகளைத் தமிழில் பெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பன்னிரண்டாம் பிரிவில் மாட்டிக்கொண்டேன். தரைக்குக் கீழே உள்ள அறைகளில் யாரும் குடியிருக்கக் கூடாது என்கிறது அது. அந்த அறைகளுக்கு ஒரு சொல் வேண்டும். "பேஸ்மென்ட்னு போட்டுட்டு வீட்டுக்குப் போவீங்களா, அதை விட்டுட்டு..." என்றார் மேலாளர். அவருக்கு எல்லா வேலையும் வீட்டுக்குப் போவதற்கு ஒரு தடங்கல்.

'பாதாள அறை' என்று எழுதினால் எங்கோ வில்லன் சிரிக்கிறான். 'பிலம்' பாம்புக்குத்தான் சரி. 'சுருங்கை' அறையே இல்லை, மண்ணுக்கடியில் போகிற வழி. கடைசியில் 'நிலவறை'யில் வந்து நின்றேன். அகராதியில் அதற்கு ஒரே வரி. பழைய கதைகளில் அதற்குள் நகை இருக்கும், தானியம் இருக்கும், இல்லையென்றால் கைதி இருப்பான். வாடகைக்கு யாரும் இருந்ததாகப் படித்ததில்லை.

அப்பா இருக்கிறார்.

மார்ச் 6

அப்பாவைப் பார்க்கப் போனேன். சலவைக்கடைக்குக் கீழே அந்த அறை. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. ஜன்னல் தெருமட்டத்தில்தான் தொடங்குகிறது; போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். சுவரில் ஈரம் என் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. அம்மா போன பிறகு இங்கே வந்து உட்கார்ந்தவர்தான், என் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார்.

கதவைத் தட்டுவதற்குள் உள்ளிருந்து குரல். "வா. வலது செருப்பு ஏன் இப்படித் தேஞ்சு கிடக்கு? காலைச் சாய்ச்சு வைக்கிறே நீ." காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். படிக்கட்டில் வைத்த காலைப் பார்த்தே ஆளைச் சொல்வார். தபால்காரர் ஷூ முனையால் ஜன்னல் கம்பியைத் தட்டிவிட்டுப் போனார். "வணக்கம் வெச்சிட்டுப் போறான்" என்று சிரித்தார் அப்பா. சிரிப்பு இருமலாகி, நிற்கவே இல்லை.

"எங்கூட வந்துடுங்கப்பா."

"நாலாவது மாடியில நான் யாரைப் பார்க்கிறது? காக்காயையா?"

மார்ச் 9

அந்த இருமல் காதிலேயே இருக்கிறது. சொன்னா கேக்குற மனுஷனா அவரு?

மார்ச் 11

பொறியாளரைக் கேட்டேன். முழுவதும் தரைக்குக் கீழே இருந்தால்தான் நிலவறையா, பாதி இருந்தாலே போதுமா? மூல விதியில் விளக்கமே இல்லை. "ரெண்டுமே சரிதாம்மா. ஏதாவது ஒண்ணு எழுதுங்க. ஐயா கையெழுத்துப் போட்டுடுவார்."

முழுவதும் என்று எழுதினால் அப்பாவின் அறை தப்பிக்கும். பாதி என்று எழுதினால் —

காலி செய்துதான் ஆக வேண்டும். என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

மார்ச் 12

"நிலவறை என்பது, தன் உயரத்தில் பாதியோ அதற்கு மேலோ தெருமட்டத்திற்குக் கீழே அமைந்த அறை."

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 20

அந்தத் தெரு முழுக்க, நான் எழுதிய விளக்கத்தையும் போட்டு, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அப்பா கதவில் மட்டும் ஒட்டுவார்கள் என்று நினைத்தேனா? என்ன நினைத்தேன்?

பக்கத்து அறைத் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் ஆபீஸ்தானேம்மா. யாருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நிலவறையாம்ல இது. வந்து பாரு, என் மிஷின் மேல வெயில் அடிக்குது." அடித்துக்கொண்டுதான் இருந்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சீ.

ஏப்ரல் 22

விளக்கத்தை மாற்ற முடியுமா என்று மேலாளரிடம் கேட்டேன். "அச்சாகிப் போயாச்சும்மா. நல்லாத்தானே எழுதியிருந்தீங்க. இப்ப என்ன வந்துச்சு?"

மே 3

அப்பா வந்துவிட்டார். ஒரு பெட்டி, பழைய தோல்பை, அவ்வளவுதான். தையல்காரம்மா மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்க போறீங்கன்னு கேக்காமலே அப்பா பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்தேன்.

மே 19

இருமல் நின்றுவிட்டது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? அப்பா பேசுவதே குறைந்துவிட்டது. பால்கனிப் பக்கம் போவதே இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த விளக்கம் எழுதினது யாருன்னு தெரியுமா?"

"ஆபீஸ்ல யாரோ."

"நல்லாத் தமிழ் தெரிஞ்ச ஆளு" என்றார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

மே 20

சொல்லிவிடலாம். சொன்னால் எங்கே போவார்?

ஜூன் 2

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறி வந்து பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். உள்ளே, தரையை ஒட்டினாற்போல அப்பாவின் குரல் கேட்டது.

"வா. புதுச் செருப்பா? அப்பவும் சாய்ச்சுத்தான் வைக்கிறே."

கதவைத் திறந்தால் பாதியில் இடித்து நின்றது. வாசலை ஒட்டிப் பாய் போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தார். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை நாளும் நான் ஆபீஸ் போன பிறகு இதைத்தான் செய்துகொண்டிருந்தாரா?

"எழுந்திருங்கப்பா. தரை சில்லுனு இருக்கு."

"இரு. எதிர் வீட்டு ஆளு வர்ற நேரம்."

பக்கவாட்டில் நுழைந்து கதவைச் சாத்தினேன். இடுக்கை மறைக்காமல் தள்ளி நின்றுகொண்டேன்.