வாத்து மெதுவாக நீந்த வேண்டும்

ஜூன் 2, திங்கள்

நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்து ஜன்னலோரச் சோபாவைப் பிடித்துக்கொண்டாள். வலது கையைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள், எதையோ திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி. பக்கவாதம் லேசாகத்தான் தட்டிவிட்டுப் போயிருக்கிறது என்கிறார் டாக்டர். தட்டியது தையல்காரியின் வலது கையை. டாக்டருக்கு எதுதான் லேசு இல்லை!

கடைக் கட்டடத்துக்காரர் போன் செய்தார். தையல் கடையை வைத்துக்கொள்கிறாளா, விடுகிறாளா, ஜூலை முடிவதற்குள் தெரிய வேண்டுமாம்.

"விட்டுட்டேன்னு சொல்லிடுங்க அண்ணி."

"நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமா உனக்குப் பதில் சொன்னதே போதும்."

முன்பெல்லாம் இதற்கு மூன்று பதிலடியாவது வரும். இன்று ஒன்றும் வரவில்லை. தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் சத்தமில்லாமல் மூச்சுவிடப் பழகிய என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். சண்டை இல்லாத வீடு அவருக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் பந்து சோபாவுக்கு அடியில்.

"தானா உருண்டுடுச்சு அண்ணி."

பந்துக்குக்கூட இவள் குணம் வந்துவிட்டது.

ஜூன் 7, சனி

சார்ஜர் தேடப் போய் ஒரு பிளாப்பி கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் "வாத்து".

எனக்குக் கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டரில் ஓடிய ஆட்டம். ஒரு நீல ஆறு, ஒரு வெள்ளை வாத்து, எதிரே மிதந்து வரும் மரக்கட்டைகள். இடம், வலம் என்று இரண்டே பொத்தான். கட்டையில் முட்டினால் வாத்து முழுகிவிடும். என் வாத்து முழுகும்போதெல்லாம் நாத்தனார், "அண்ணி வாத்து குளிக்கப் போயிடுச்சு" என்று வீடு முழுக்க அறிவிப்பாள். எனக்கு அழுகை வரும். கல்யாணமானவள் வாத்துக்காக அழுவதா என்று குளியலறைக்குப் போய்விடுவேன். ஆக, இரண்டு பேருமே குளிக்கத்தான் போனோம்.

பொத்தான் இரண்டு. விரலும் இரண்டு போதும். பந்தை அமுக்காதவள் இதை அமுக்குவாளா?

ஜூன் 10, செவ்வாய்

பிளாப்பியையும் எங்கள் லேப்டாப்பையும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். எப்போதும் ஒரு ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவதால் அவருக்குத் திருகாணி என்று பெயர். வைத்தது நான்தான், அவருக்குத் தெரியாது. பிளாப்பிக்கு இன்னும் உயிர் இருந்தது.

"இது புது கம்ப்யூட்டருக்குப் புரியாதுக்கா. அதனால பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கேன்."

"நடிச்சு யாரை ஏமாத்த?"

"ஆட்டத்தைத்தான். வெளிய எத்தனை வருஷம் ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது. இன்னும் அதே கம்ப்யூட்டர்னு நம்பிக்கிட்டு ஓடும்."

லேப்டாப்பைச் சுமந்து வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். எனக்கும் யாராவது அப்படி நடித்துக் காட்டினால் தேவலை. கண்ணாடி பார்க்கும்போதாவது.

வீட்டுக்கு வந்து போட்டால், நீலமாக ஏதோ சர்ரென்று போனது, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி முடிந்தது. வாத்து பிறப்பதற்குள் முழுகுகிறது.

சோபாவிலிருந்து குரல்: "உங்க வாத்து எப்பவுமே இப்படித்தானே அண்ணி."

வந்த நாளாக முதல் நக்கல்! கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முறைத்தேன். அதுதானே முறை.

ஜூன் 11, புதன்

திருகாணியைப் போனில் பிடித்தேன். அந்தக் காலத்து ஆட்டத்துக்குள் கடிகாரமே கிடையாதாம். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமோ ஆறும் அவ்வளவு வேகம். கன்ட்ரோலையும் எஃப்11-ஐயும் சேர்த்து அமுக்கினால் வேகம் குறையும். கன்ட்ரோலும் எஃப்12-ம் என்றால் கூடும். திரையில் ஆட்டத்தின் மேல் விளிம்பில் ஓர் எண் தெரியும், அதுதான் வேகம். எங்கள் லேப்டாப்பில் கன்ட்ரோல் ஒன்றே ஒன்று, கீழே இடது மூலையில். எஃப்11-ம் எஃப்12-ம் பக்கத்துப் பக்கத்தில், மேலே வலது மூலையில். இரண்டு கையையும் விரித்து, துணி அளப்பவள் போல உட்கார்ந்து குறைத்தேன். என் வழக்கப்படி அளவு தெரியாமல் குறைத்துவிட்டேன்.

ஆறு எண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கட்டை திரையின் மேலிருந்து கீழே வருவதற்குள் ஒரு வாய் காபி குடிக்கலாம். வாத்து கழுத்தைத் திருப்பத் தொடங்கியது, திருப்பிக்கொண்டே இருந்தது.

"சரி பண்ணிடறேன், இரு."

"வேணாம் அண்ணி. இப்படியே விடுங்க."

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கையைக் குறுக்கே நீட்டி ஒரு பொத்தானைத் தொட்டாள். வாத்து யோசித்து, சம்மதித்து, நகர்ந்தது. இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதுவும் மெதுவாகத்தான் வழிந்ததுபோல் இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று மூக்குக்கண்ணாடிக் கடையில் — என் வேலையிடம்தான் — ஒருவர் ஃபிரேம் மாற்றி ஃபிரேம் போட்டுப் பார்த்து, "எப்படியிருக்கு?" என்றார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. நீலமாக ஏதோ ஓடியது. "கட்டை வருது, வலப்பக்கம் போங்க" என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, முதலாளி இருமினார்.

கனவில்கூட யாரும் அவசரப்படுவதில்லை இப்போது.

ஜூன் 20, வெள்ளி

லேப்டாப்பை மூடாமல் வேலைக்குப் போகிறேன். திரும்பி வந்தால் மேலே எண் கூடியிருக்கிறது. குறைத்து வைத்தேன். நேற்றும் இதே கதை.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடியும்! திருகாணியைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். என்ன லட்சணத்தில் போட்டுக் கொடுத்தீர்கள், வேகம் தானாக ஏறுகிறதே என்று.

"தானா ஏறாதுக்கா. யாராவது ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கணும்."

"பகல்ல யாருப்பா இருக்கா? என் நாத்தனார் மட்டும்தான். அவளுக்கு ஒரு கைதானே —"

கண் லேப்டாப்புக்குப் போனது: கன்ட்ரோல் ஒரு மூலையில், எஃப்12 எதிர் மூலையில்.

"அக்கா, இருக்கீங்களா?"

இருந்தேன். ஒரு கைதான் என்று முடிவே கட்டிவிட்டிருக்கிறேனே, நான் என்ன டாக்டரா? அதுவும் இவளிடம். தானாக உருளும் பந்தை நம்பாதவள், தானாக ஏறும் எண்ணை நம்பியிருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

இன்று எண்ணைக் குறைக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

மத்தியானம் பந்தயம். ஆறு கிட்டத்தட்ட அந்தக் காலத்து வேகத்துக்கு வந்துவிட்டது. என் வாத்து மூன்றாவது கட்டையிலேயே முழுகியது.

"குளிக்கப் போயிடுச்சு" என்றாள். பிறகு, ரொம்பக் கரிசனமாக: "உங்களுக்கு வேகமா இருந்தா சொல்லுங்க அண்ணி. குறைச்சு வைக்கிறேன்."

இடது கை கன்ட்ரோலுக்குப் போனது. தலைப்புக்குள்ளிருந்து வலது கை வந்தது. ஆள்காட்டி விரல் நடுங்கி, பக்கத்துப் பொத்தானில் வழுக்கி, திரும்பி வந்து எஃப்11-ஐக் கண்டுபிடித்தது.

நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூலை 5, சனி

"பூட்டு துருப்பிடிச்சிருக்கான்னு பார்த்துட்டு வரேன்" என்று காலையில் கடைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் வரட்டுமா என்றதற்கு, "பூட்டைப் பார்க்க ரெண்டு பேரா?"

எனக்கு விடுமுறை. தனியாக ஆடிப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன், தண்ணீர் நிற்கும் வரை. வாத்தும் நானும் சும்மா இருந்தோம். எவ்வளவு நேரமோ.

மாலையில் வந்து சோபாவில் சாய்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"துரு இருந்துதா?"

"பூட்டுல இல்லை. மிஷின் சக்கரம்தான் கொஞ்சம் பிடிச்சிருக்கு. நாளைக்கு நீங்க வந்து ஊசியில நூல் கோத்துத் தாங்க. அது மட்டும் இன்னும் வரலை."

"அண்ணின்னா எடுபிடியா?"

"பழகிடும் அண்ணி."

சொன்னபடியே தூங்கிப்போனாள். தோளில் ஒரு துண்டுப் பச்சை நூல் ஒட்டியிருந்தது. எடுத்துவிடப் போனேன். அப்புறம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.